முப்பத்தாறு நம்பர் பானெட்

இன்னாசிராஜ் வாசலிலேயே நின்றுகொண்டான். செருப்பைக் கழற்றவில்லை. அக்கா வீட்டுக்கு வந்தால் நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிறவன், அன்று நிலைப்படிக்கு வெளியே, பங்குனி வெயில் தலையில் இறங்க, இடுப்பில் கை வைத்து நின்றான்.

"மச்சானை வெளிய வரச் சொல்லுக்கா."

"உள்ள வந்து பேசேன்டா. தெருவே பாக்குது," என்றாள் லூர்துராணி.

"பாக்கட்டும். பாலக்கரை முழுக்கப் பாக்கணும்னுதான் நிக்கிறேன்."

அற்புதசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தவக்காலம். கஞ்சியும் பருப்புத் துவையலும். பாதியில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தார். மைத்துனனின் முகத்தைப் பார்க்காமல் அவன் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டு வியாகுலம்மாள் துணி உலர்த்துவதுபோல ஒரே சேலையை மூன்றாம் முறையாக உதறிக்கொண்டிருந்தாள்.

"பிச்சமுத்துவுக்கு முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. தெரியுமா உங்களுக்கு?"

"கேள்விப்பட்டேன்."

"கேள்விப்பட்டீங்க! பத்து நாளாச்சு. புத்தூர் பெரியாஸ்பத்திரி எந்தப் பக்கம்னு தெரியல, இல்ல?"

"நீ போனியா?"

இன்னாசிராஜ் இடுப்பிலிருந்து கையை எடுத்தான். பிறகு குரலை இன்னும் உயர்த்தினான்.

"என் கதையை விடுங்க. வர்ற திங்கக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் விசாரிக்கிறாரு. வண்டிக்கு மீறிப் பாரம் ஏத்துனேன்னு லைசென்ஸைப் பிடுங்கப் போறாங்க. நான் ஏத்துனது பன்னெண்டு மூட்டை புண்ணாக்கு. முக்கால் டன். முப்பத்தாறு வண்டி முக்கால் டன் தாங்கும்னு எனக்குச் சொன்னது யாரு?"

"பானெட்ல என்ன போட்டிருந்துச்சோ அதைச் சொன்னேன்."

"பானெட்டைப் படிக்க எனக்குத் தெரியாதா? அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன் மச்சான். அப்புறம் உங்களை எதுக்குக் கூட்டிட்டுப் போனேன்?"

"கத்தாத மாப்ள."

"கத்துவேன். திங்கக்கிழமை வந்து, நான்தான் அப்படிச் சொன்னேன்னு அந்த ஆளு முன்னாடி சொல்லுங்க. அது போதும். சொல்லலேன்னா எனக்கு அக்காவும் இல்ல, அக்கா வீடும் இல்ல."

அவன் போன பிறகும் லூர்துராணி வாசலிலேயே நின்றாள். அற்புதசாமி உள்ளே வந்து மறுபடி தட்டின் முன் உட்கார்ந்தார். கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது.

அற்புதசாமிக்கு அரியமங்கலத்தில் தகர வேலைப் பட்டறை. லாரி, வேன், பிக்கப் எதுவானாலும் நசுங்கின தகட்டை நிமிர்த்திப் பாடி கட்டிப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பார். ஆனால் திருச்சியில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேறு. எந்த வண்டியையும் ஒரு பார்வையில் இன்ன மாடல், இன்ன ரகம் என்று சொல்லிவிடுவார். காந்தி மார்க்கெட் லாரிக்காரர்கள் அவரை 'ஜோசியர்' என்றே கூப்பிட்டார்கள். ஃபார்கோ, டாட்ஜ், டிசோட்டோ மூன்றும் பேரளவில்தான் வேறு, முகத்துத் தகட்டைக் கழற்றினால் ஒரே வண்டி என்று அவர் சொன்னபோது மூன்று வண்டிக்காரர்களும் தத்தம் வண்டிதான் உசத்தி என்று ஒரு வாரம் சண்டை போட்டார்கள்.

செவர்லெட் பிக்கப் அவருக்கு மனப்பாடம். எஞ்சினை மூடும் பானெட்டின் இரண்டு பக்கமும் ஒரு தகடு, அதில் நம்பர். மூவாயிரத்து நூறு என்றால் அரை டன். மூவாயிரத்து அறுநூறு முக்கால் டன். மூவாயிரத்து எண்ணூறு ஒரு டன். தொழிலில் இருப்பவர்களுக்கு முப்பத்தொண்ணு, முப்பத்தாறு, முப்பத்தெட்டு. அதற்குமேல் கேபினில் இரண்டு ரகம். முதுகுப் பக்கம் ஒரே கண்ணாடி இருந்தால் சாதா. இரண்டு மூலையிலும் வளைந்த கண்ணாடி கூடுதலாக இருந்து, முகத்துக் கம்பிகள் பளபளத்தால் டீலக்ஸ்.

போன வருஷம் ஈஸ்டர் கழிந்த வாரம், மூடிப்போன ஒரு சோடா கம்பெனி ஷெட்டில் ஏலத்துக்கு நின்ற நீல நிற வண்டியைப் பார்க்க இன்னாசிராஜ் அவரை அழைத்துப் போனான். அவனுக்கு வெகுகாலக் கனவு அது. அடுத்தவன் லாரியில் ஸ்டியரிங் பிடித்தே முப்பத்தைந்து வயதாகிவிட்டது. ஷெட் வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். யாரோ அற்புதசாமி கையில் டீ கிளாஸைக் கொடுத்தார்கள். "ஜோசியர் வந்துட்டாரு, கணிப்பாரு" என்று ஒருவன் சொன்னான். அவர் நின்ற இடத்திலிருந்தே, இருபது அடி தள்ளி, டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:

"ஐம்பத்தொண்ணு மாடல். முப்பத்தாறு. டீலக்ஸ் கேபின். முக்கால் டன் அசையாமத் தாங்கும். பேசாம வாங்குடா மாப்ள."

கிட்டே போகவில்லை. கிட்டே போய்க் குனிந்து பார்ப்பது அவர் கண்ணுக்கே அவமானம் என்று அன்றைக்குத் தோன்றியது. கூட்டம் தலையாட்டியது. அந்தத் தலையாட்டல் வீடு வரை அவருடன் வந்தது.

இந்த மாசம் முதல் வாரம் மணப்பாறைச் சந்தைக்குப் புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது இனாம்குளத்தூர் தாண்டி வண்டி சாய்ந்தது. மூட்டைமேல் உட்கார்ந்திருந்த சுமைக்காரன் பிச்சமுத்து கீழே விழுந்தான். அவன் காலின்மேல் பாடி இறங்கியது. செய்தி கொண்டுவந்தவன் சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் அற்புதசாமி சுத்தியலைக் கீழே வைத்தார். 'ஆக்சில் ஒடிஞ்சு, சக்கரமே கழண்டு வயக்காட்டுல ஓடிருச்சு.'

முப்பத்தாறில் அப்படி நடக்காது. முப்பத்தாறில் ஆக்சில் ஒடிந்தாலும் சக்கரம் தன் இடத்திலேயே நிற்கும். அமைப்பு அப்படி. ஆக்சிலோடு சக்கரமும் போவது முப்பத்தொண்ணில்தான். அந்தச் செய்தியைக் கேட்ட கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தன்னிடமே சொல்லிக்கொள்ளாமல் பத்து நாளை ஓட்டினார்.

வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது. லூர்துராணி தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். தண்ணீர் வேண்டுமென்றால் அவரே மொண்டுகொள்ள வேண்டும். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு இரண்டே பேர் இருக்கும் வீடு. சாயங்காலச் செபமாலையில் அவள் சொல்லும் பாதி அவரைத் திட்டுவதுபோல ஒலிக்கும். அவர் சொல்லவேண்டிய பாதியை அவர் முணுமுணுப்பார். இருபத்தாறு வருஷத்தில் அவளோடு சண்டை போட்டதுண்டு. இப்படி ஒரு வேற்றாளோடு இருப்பதுபோல இருந்ததில்லை.

இன்னாசிராஜ் வந்து கத்திவிட்டுப் போன மறுநாள் பட்டறையில், பக்கத்து ஷெட் கியாசுதீன் துருத்தியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் வில்லுப் பட்டைகளை அடிப்பவர். நாக்கும் சம்மட்டி மாதிரி.

"என்ன ஜோசியரே, சொந்த மச்சினன் ஜாதகத்தையே மாத்திக் கணிச்சுட்டீங்களாமே?"

"வேலையைப் பாருங்க பாய்."

"வேலைதான். போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு வண்டிக்குப் பட்டை கழட்டப் போனேன். உங்க மச்சினன் வண்டி பக்கத்துலதான் படுத்திருக்கு. மிச்சம் இருக்கற சக்கரத்துல போல்ட்டு எத்தனைன்னு எண்ணிப் பாத்தேன். நீங்க எண்ணல?"

"எத்தனை?"

"என்னைக் கேட்டா? உங்களுக்கும் அல்லா ரெண்டு கண்ணு குடுத்திருக்கான். போய் எண்ணிக்கிட்டு வாங்க. இந்தத் தடவையாவது கிட்டப் போய்."

அடுத்த ஷெட்டில் யாரோ சிரித்தார்கள். அற்புதசாமி சைக்கிளை எடுத்தார். உச்சி வெயில். தார் சக்கரத்தில் ஒட்டிப் பிய்ந்தது.

ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் வண்டி ஒரு பக்கம் கல்லடுக்கின்மேல் சாய்ந்திருந்தது. இன்னும் புண்ணாக்கு வாசம். எறும்பு மொய்த்திருந்தது. அவர் முன்சக்கரத்தின் அருகே குந்தினார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஆறு. முப்பத்தாறுக்கு எட்டு இருக்கும். சின்னப் பிள்ளைக்கும் எண்ணத் தெரிந்த கணக்கு. மூலைக் கண்ணாடி, பளபளக்கும் கம்பி எல்லாம் பார்வைக்கு. பாரம் தாங்குவது கீழே, மண்ணும் கிரீசும் அப்பிய இடத்தில். அதைத் தெரிந்த ஒரே ஆள் என்றுதான் அவரை அழைத்துப் போனார்கள்.

அப்படியானால் முப்பத்தாறு என்ற தகடு எப்படி வந்தது? எவனோ திருட்டுப்பயல் மாட்டியிருக்கிறான். அந்த எண்ணம் வந்ததும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரு ஆள் கிடைத்தான். அவனைத் திட்டலாம். பானெட்டைத் தூக்கி நிறுத்தி உள்பக்கம் பார்த்தார்.

கீல் அருகே, நீலம் உரிந்து அடியில் தெரிந்த பச்சையில், ஐந்து புள்ளிகள். கூர் உளியால் அடித்த சின்னச் சிலுவை. ஐந்து திருக்காயங்கள். பட்டறையில் எந்தத் தகட்டை முடித்தாலும் உள்பக்கமாக, யாருக்கும் தெரியாத இடத்தில், அற்புதசாமி அடிக்கிற சிலுவை. தொழில் கற்றுக்கொண்ட நாளிலிருந்து ஒரு தகட்டுக்கும் அதை அடிக்கத் தவறியதில்லை.

பச்சை நிறத்தைப் பார்த்ததும் ஆள் ஞாபகம் வந்துவிட்டது. ஸ்ரீரங்கம் உத்தர வீதி வீரராகவன். கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட். ஐம்பத்தைந்தாம் வருஷம் பட்டறைக்கு வந்து அங்கவஸ்திரத்தால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"அற்புதம், எதிராத்துக் கோபு முப்பத்தாறு வாங்கியிருக்கான். கல்யாணத்துக்குப் போனா ரெண்டு வண்டியும் பக்கத்துல பக்கத்துல நிக்கறது. பொண்ணாத்துக்காரா பாக்கறா. நம்ம வண்டில முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கே, மானம் போறது."

"சாமி, உங்களுது டீலக்ஸ். அவரு வண்டி சாதா கேபின்."

"அது உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நம்பர்னா ஊருக்கே தெரியும். பெருமாள் புண்ணியத்துல ஏதாவது பண்ண முடியாதா?"

நொறுங்கிப்போன ஒரு முப்பத்தாறின் பானெட் அப்போது பட்டறை மூலையில் கிடந்தது. அளவு ஒன்றுதான். தட்டி நிமிர்த்தி மாட்டிப் பச்சை அடித்துக் கொடுத்தார்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"அண்டாவும் குண்டாவும்தானே ஏத்தப் போறீங்க. ஒண்ணும் ஆகாது சாமி."

பிறகு வீரராகவன் வண்டியை விற்றார். அது கை மாறியது. யாரோ மரப்பாடி மாற்றிக் கட்டினார்கள். வண்டிப் புத்தகத்திலும் பானெட்டைப் பார்த்து முப்பத்தாறு என்றே ஏறிவிட்டது. நீலம் அடித்தார்கள். கடைசியில் தானே மாட்டிய நம்பரை இருபது அடி தள்ளி நின்று தானே படித்து மைத்துனனுக்குக் கொடுத்தார். திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் லூர்துராணி முற்றத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கை நிற்கவில்லை. கடைசிக் காம்பு வரை உருவிவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"பானெட் என் வேலைன்னு இன்னைக்குத்தான்."

"வண்டி முப்பத்தாறு இல்லைன்னு?"

அவர் மண்தரையைப் பார்த்தார். "சக்கரம் கழண்டுச்சுன்னு கேட்ட அன்னைக்கே."

"பதினோரு நாள்." அவள் கீரைக் காம்புகளை ஒன்றாக அள்ளினாள். "என் தம்பி நடுத்தெருவுல பைத்தியம் மாதிரி நின்னு கத்துறான். நீங்க உள்ள வந்து உக்காந்து மிச்சக் கஞ்சியக் குடிச்சீங்க. நேத்து ராத்திரி ரசத்துல உப்பு கம்மின்னு வேற சொன்னீங்க."

"ராணி..."

"பேர் சொல்லாதீங்க. திங்கக்கிழமை போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்லலேன்னா அரியமங்கலத்துலயே படுத்துக்கங்க. தகரம் நெறையக் கெடக்கும், போத்திக்கலாம்."

ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் ஒரு ரொட்டியும் நாலு ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். நீண்ட வார்டு, டெட்டால் வாசம். கடைசிக் கட்டிலில் பிச்சமுத்து படுத்திருந்தான். எடமலைப்பட்டி புதூர்க்காரன், நாற்பது வயதிருக்கும். போர்வை ஒரு பக்கம் தட்டையாகப் படிந்திருந்தது. அங்கே பார்க்காமலிருக்க அவர் ஆரஞ்சை உரித்தார்.

"நீங்க வருவீங்கன்னு நெனைக்கலிங்கய்யா."

"வலிக்குதா?"

"இல்லாத வெரலு வலிக்குதுங்க. நர்சம்மாகிட்டச் சொன்னா சிரிக்கறாங்க."

அற்புதசாமி பானெட் விஷயத்தைச் சொன்னார். தான் மாட்டியது, தானே படித்தது, ஆறு போல்ட்டு, எல்லாம். பிச்சமுத்து கூரையைப் பார்த்தபடி கேட்டான். பக்கத்துக் கட்டில் கிழவர் இருமி ஓய்ந்தார்.

"எனக்கு நம்பரு படிக்கத் தெரியாதுங்க," என்றான் கடைசியில். "ஆனா பன்னெண்டு வருசமா மூட்டை ஏத்துறேன். அந்த வண்டில ஒன்பதாவது மூட்டை ஏறுறப்பவே பட்டை நிமிந்துரும். சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவுல கை நொழையாது. மொத நாளே சொன்னேன். அன்னைக்குக் காலையிலயும் சொன்னேன்."

"யாருகிட்ட?"

"வேற யாருகிட்டங்க? இன்னாசிகிட்டத்தான். பானெட்டைத் தட்டிக் காட்டுனாரு. 'எங்க மச்சான் பாத்துச் சொன்ன வண்டிடா, மூட்டை தூக்குறவனுக்கு என்னடா தெரியும்'னாரு."

ஆரஞ்சுச் சுளை அற்புதசாமியின் கையில் நசுங்கியது. பதினைந்து நாளாக எது கிடைக்காதா என்று உள்ளுக்குள் தேடிக்கொண்டிருந்தாரோ அது கிடைத்துவிட்டது. தப்பில் பாதி. பாதிக்கு மேலேயே. தெருவில் நின்று கத்தியவனின் வாயை ஒரு வார்த்தையில் அடைத்துவிடலாம்.

"இதைப் போலீஸ்ல சொன்னியா?"

"கேட்டாங்க. தூங்கிட்டிருந்தேன், ஒண்ணும் தெரியாதுன்னேன்."

"ஏன்?"

"என்னங்கய்யா கேள்வி? அவரு லைசென்ஸு போச்சுன்னா வண்டி ஓடாது. வண்டி ஓடலேன்னா ஒத்தக் காலனுக்கு எவன் வேல குடுப்பான்? உக்காந்தமேனிக்கு மூட்டை எண்ணிச் சொல்ல ஒரு எடம் அவருதான் குடுக்கணும். நீங்களும் சொல்லாதீங்க. உங்க வீட்டம்மாகிட்டக்கூட. பொம்பளைங்க காதுக்குப் போனா அவரு காதுக்குப் போயிரும். அப்புறம் என்னையக் கண்டாலே அவருக்கு ஆகாது."

அவன் கையை நீட்டினான். அற்புதசாமி அதைப் பிடித்தார். காய்த்துப்போன, பெரிய கை. தலையாட்டினார்.

திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்னாசிராஜ் வெள்ளைச் சட்டை போட்டு நின்றிருந்தான். அற்புதசாமியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். வண்டிகளைச் சோதித்துப் பாஸ் பண்ணும் பிரேக் இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர். மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டே கேட்டார்.

"நீங்களே பானெட்டை மாத்தினீங்க?"

"ஆமாங்க."

"அப்புறம் நீங்களே அதைப் பாத்து முப்பத்தாறுன்னு சொன்னீங்க?"

"ஆமாங்க."

"உங்க வேலை உங்களுக்கே அடையாளம் தெரியல?"

"கிட்டப் போய்ப் பாக்கலிங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். கிளார்க்கும் சிரித்தார். வாசலில் லைசென்ஸ் புதுப்பிக்க நின்றவர்களில் இரண்டு பேர் மார்க்கெட் லாரிக்காரர்கள். அவர்கள் சிரித்தது அடுத்த தெரு வரை கேட்டிருக்கும். அற்புதசாமி அசையாமல் நின்றார். இன்னாசிராஜ் சிரிக்கவில்லை. மச்சானை முதல் முறையாக நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் வெறுப்பு கொஞ்சமும் குறையவில்லை. இப்போது அதற்கு ஆதாரமும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பினார். "சரி, நம்பர் பொய். ஒரு வருஷமா ஓட்டியிருக்கியே, வண்டி உக்கார்றது தெரியலையா? மூட்டை ஏத்துற ஆள்கூடவா ஒண்ணும் சொல்லலை?"

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. இன்னாசிராஜ் வாயைத் திறந்தான். தற்செயலாகத்தான் அவன் கண் அற்புதசாமி பக்கம் போனது. அற்புதசாமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லாத, வெறும் பார்வை. மச்சானுக்குத் தெரியும் என்று அதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. கழுத்தில் வியர்வை இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது.

"இல்லிங்க," என்றான். "யாரும் சொல்லலிங்க."

இன்ஸ்பெக்டர் அற்புதசாமியைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னாசிராஜின் லைசென்ஸ் எச்சரிக்கையோடு தப்பியது. அற்புதசாமி பட்டறையில் பாடி கட்டிய எந்த வண்டியையும் இனிமேல் தான் பாஸ் பண்ணப்போவதில்லை என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். வெளியே புளியமரத்தடியில் இன்னாசிராஜ் பீடி பற்றவைக்க மூன்று குச்சி கிழித்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"நேத்துப் போனேன்."

"என்ன சொன்னான்?"

"கால் வலிக்குதுன்னான்."

இன்னாசிராஜ் பீடியை இழுத்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று அற்புதசாமி காத்திருந்தார். அவன் பாதிப் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

ஈஸ்டருக்கு அவன் வரவில்லை. வண்டிக்கு வேறு ஆக்சில் போட்டு ஓட்டினான். எட்டு மூட்டைக்கு மேல் ஏற்றுவதில்லை. ஆனி மாதத்தில் ஒருநாள் காந்தி மார்க்கெட்டில் பிச்சமுத்து கட்டைக்கால் மாட்டிக்கொண்டு, கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து, ஏறுகிற மூட்டைகளை உரக்க எண்ணிக்கொண்டிருந்ததை அற்புதசாமி பார்த்தார். இன்னாசிராஜ் அவரைக் கண்டதும் வண்டியின் மறுபக்கம் போய்விட்டான்.

பட்டறையில் வேலை குறைந்தது. 'ஜோசியர்' என்று இப்போதும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று மார்கழித் தூறல். லூர்துராணி விடியற்காலைப் பூசையிலிருந்து வந்ததும் ஆட்டுக்கறி எடுத்து, தம்பிக்குப் பிடிக்கிற மாதிரி மிளகு தூக்கலாக வைத்துக் குழம்பு வைத்தாள். அவன் வருவான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் மூன்று மணி வரை சட்டியை மூடியே வைத்திருந்தாள். அற்புதசாமிக்குப் பசி காதை அடைத்தது. கேட்கவில்லை.

கடைசியில் அவளே பேசினாள்.

"அவனுக்கு இன்னும் மனசு ஆறல. நீங்க பண்ணின காரியத்துக்கு எப்படி ஆறும்? எனக்கே ஆறல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் சிவந்திருந்தது. ஒரு வாக்கியம் நாக்கின் நுனியில் வந்து நின்றது. பிச்சமுத்துவின் காய்த்த கையும், 'உங்க வீட்டம்மாகிட்டக்கூட' என்று அவன் சொன்னதும் அதோடு சேர்ந்தே வந்தன. வெளியே தூறல் தகரத்தில் விழும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றார். "ஆறாது."

லூர்துராணி எழுந்தாள். கறிச்சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டு வியாகுலம்மாளிடம் கொடுக்கத் தெருவில் இறங்கினாள். அவருக்கு ஒரு கரண்டிகூட எடுத்து வைக்கவில்லை. அவர் எழுந்துபோய்த் தட்டை எடுத்து, வெறும் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.